தோணிமுனைக்கு ஓரம் போன கதை

தோணிமுனையில் மனிதர்களுக்கும் சுவர்களுக்கும் படகுகளுக்கும் ஓரம் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில். வீட்டுக்குள் ரோஸ்லின் தன் டேப்லெட்டில் ஒரு படத்தின் கோடுகளை மறைத்தாள். வெளியே, மஞ்சள் நைட்டியோடு மஞ்சள் சுவருக்கு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த, பக்கத்து வீட்டில் இருக்கும் அவளுடைய நாத்தனார் பிரகாசி சுவரோடு சுவராகப் போனாள். ஒரு முகமும் இரண்டு கைகளும் ஒரு சிவப்பு வாளியும் மட்டும் மிச்சம் நின்றன.

"ஏ ரோஸ்லின்," என்று முகம் கூப்பிட்டது. "இங்க வந்து பாரு. நான் இருக்கேனா?"

"இருக்கீங்க மைனி," என்றாள் ரோஸ்லின் ஜன்னல் வழியாக. "முகம் நல்லாத் தெரியுது."

"நைட்டி?"

"நைட்டிதான் தெரியல."

"ஏட்டி, புது நைட்டி அது," என்று வருத்தப்பட்டுவிட்டு, பிரகாசி மிச்சத் துணியையும் உதறிக் காயப்போட்டாள்.

ஓரம் போனது என்றால் என்ன என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும். எழுத்து போகவில்லை, ஏனென்றால் அது மை. வலை போகவில்லை, ஏனென்றால் அது நூல். பள்ளிக்கூட மைதானத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோடு போகவில்லை, ஏனென்றால் அது சுண்ணாம்பு. ஒரு பொருள் முடிந்து அடுத்த பொருள் தொடங்கும் இடத்தில் மெல்லிசாக ஒன்று இருக்கிறதே, அது போனது. அன்றுவரை அப்படி ஒன்று இருப்பதாகத் தோணிமுனையில் யாரும் நினைத்ததில்லை. கறுத்த ஆள் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் முன்பு போலவே தெரிந்தார், ஒரு தொந்தரவும் இல்லை. ஒரே நிறமும் ஒரே நிறமும் பக்கத்தில் வந்தால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, அதுவும் பார்வைக்கு மட்டும். இரண்டடி விலகி நடந்தால் பிரிந்துவிட்டன.

அந்தப் படம் மாதா கோயிலின் நூறாவது திருவிழாவுக்காக ஊர்க் கமிட்டி கேட்ட படம். ஊர் முழுக்க, கடற்கரையில், காலை வெயிலில், ஒன்றாக நிற்க வேண்டும். அதைப் பெரிதாக அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் மாட்ட வேண்டும். ரோஸ்லின் சென்னையில் உள்ள ஒரு சிறுவர் பத்திரிகைக்கு வீட்டிலிருந்தே முயலும் முதலையும் வரைந்து அனுப்புகிறவள், கோடே இல்லாமல் நிறத்தாலும் நிழலாலும் மட்டும் வரைகிறவள். கமிட்டித் தலைவர் சந்தியாகு, ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர், முதலில் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"கோடு இல்லாம எப்படிம்மா படம்? என் மூக்கு எங்க முடியுது, கன்னம் எங்க தொடங்குதுன்னு ஒருத்தனுக்கு எப்படித் தெரியும்?"

"நிழல வச்சுத் தெரியும் அண்ணாச்சி. மூக்குக்குப் பக்கத்துல கொஞ்சம் இருட்டு வச்சா மூக்கு தானா முன்னால வந்துரும்."

"என் மூக்கு ஏற்கெனவே முன்னாலதான் இருக்கு."

"கோடு போட்டா ஒவ்வொருத்தரும் கத்தரிச்சு ஒட்டுன மாதிரி இருப்பாங்க. கோடு இல்லன்னா எல்லாரும் ஒரே வெயில்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

ஒரே வெயில் என்ற வார்த்தை பங்குச் சாமியார் எட்வினுக்குப் பிடித்துப்போய், அவர் அதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எடுத்துப் போட்டார். அதன் பிறகு கமிட்டிக்கு வேறு வழி இல்லை.

கோடில்லாத படமும் கோட்டில்தான் தொடங்குகிறது. முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கிறுக்கல்: தலைக்கு ஒரு முட்டை, உடம்புக்கு ஒரு பானை, கடலுக்கு ஒரு இழுப்பு. ஊர்க்காரர்கள் வந்து தங்கள் தங்கள் முட்டையைப் பார்த்து, அது யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, சண்டை போட்டு, இடம் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு அந்தக் கிறுக்கலை மங்கலாக்கி, அதன்மேல் இன்னொரு அடுக்கில் சுத்தமான கோடு. அடுக்கு என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போல. ஒன்றில் கை வைத்தால் மற்றது கெடாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும், தொட்டால் மூடும், மூடினால் அந்தத் தாளில் உள்ளது மறையும். கோட்டுக்குக் கீழே, ஆளுக்கு ஒரு அடுக்கு வைத்து, தட்டையாக நிறம் நிரப்ப வேண்டும். எல்லாம் நிரம்பிய பிறகு கோட்டு அடுக்கின் கண்ணை மூட வேண்டும். அப்போது படம் பாதி செத்த மாதிரி இருக்கும். ஒன்றோடு ஒன்று குழம்பிக் கிடக்கும். அதற்குப் பிறகுதான் வெளிச்சமும் நிழலும் வைத்து ஒவ்வொன்றையும் உயிரோடு மீட்டு எடுக்க வேண்டும்.

ரோஸ்லின் தொழிலில் ஒரு விதியை விடாமல் வைத்திருந்தாள்: ஒட்டி நிற்கும் இரண்டு பொருளை ஒரே அடுக்கில் நிரப்பக் கூடாது, நிரப்பினால் பிறகு பிரிக்க முடியாது. மீன்கூடைக்கும் அதிலிருந்த மீன்களுக்கும் கூடத் தனித்தனி அடுக்கு வைத்தவள், முன்வரிசை ஓரத்தில் தானும் தன் மகள் ஷெரினும் கைகோத்து நிற்கும் இடம் வந்தபோது, கோத்த கை இரண்டையும் ஒரே இழுப்பில் ஒரே பழுப்பாக நிரப்பினாள். அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவசரம் ஒன்றும் இல்லை. திருநெல்வேலி விளையாட்டு விடுதியில் ஷெரினுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த அன்று அது.

ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது. வாலிபாலில் அவளுடைய வலது கை அடிக்கிற அடியை எதிரில் நிற்கும் பிள்ளைகள் எடுப்பதில்லை, விலகிக்கொள்வார்கள். திருவிழா முடிந்த திங்கட்கிழமை விடுதியில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு. அப்பா ஜெரால்டு கப்பலில் வேலை, வருஷத்தில் முக்கால்வாசி கடலில். வீட்டில் இருப்பது அம்மாவும் மகளும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அத்தையைப் பார்க்க வாசலுக்கு ஓடிய ஷெரின், ஓடின வேகத்தில் திரும்பி வந்து, "ம்மா, வெளிய வாம்மா, அத்தைக்குத் தலை மட்டும் இருக்கு," என்று ரோஸ்லினின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த கையை விட முடியவில்லை. வலிக்கவில்லை, பசை போட்டு ஒட்டியது போலவும் இல்லை. ஒரு கை எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதற்கு இடம் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். ஷெரினின் வலது முழங்கையிலிருந்து இறங்கி வந்த பழுப்பு நிறம் அப்படியே ரோஸ்லினின் இடது முழங்கைக்கு ஏறிப் போனது, நடுவில் விரல்கள் எல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழம் மாதிரி சேர்ந்திருந்தன.

"எதுல கை வச்சிருந்த?" என்றாள் ஷெரின்.

"எதுலயும் இல்ல."

"அப்ப?"

ரோஸ்லினுக்குத் தெரிந்தது. "படத்துல," என்றாள்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. ஊரில் ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்ததில், ஓரம் போன நேரமும் ரோஸ்லின் கோட்டை மறைத்த நேரமும் ஒன்றுதான் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் தர்க்கம் செய்யவில்லை, கரண்டு போனால் டிரான்ஸ்பார்மரைப் பார்ப்பது போல நேராக அவளிடம் வந்தார்கள்.

"மூடுன கண்ணத் தொறந்தாச் சரியாயிரும்லா?" என்றார் சந்தியாகு.

ரோஸ்லின் திறந்தாள். ஊர் முழுக்கக் கோடுகள் திரும்பி வந்தன, ஆனால் ஆட்களை விட்டு ஒரு முழம் தள்ளி வந்தன. நிறம் நிரப்பிய பிறகு சந்தியாகு தன்னைச் சாமியாருக்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லி, அதனால் வரிசையே நகர்ந்து, நிறத்தை நகர்த்திய ரோஸ்லின் கோட்டை நகர்த்தாமல் விட்டிருந்தாள். எப்படியும் மறைக்கப்போகிற கோடுதானே என்று விட்டது. இப்போது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டால் ஆன ஒரு வெற்று ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா இது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

சந்தியாகு அந்தக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார், பக்கவாட்டில் போய் நின்றும் பார்த்தார். "இவ்வளவு வயிறா?" என்றார். "மூடும்மா. மூடு."

படத்தை முடித்தால் எல்லாருக்கும் தன் தன் ஓரம் வந்துவிடும், சனிக்கிழமை அச்சுக்குப் போவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று ரோஸ்லின் சொன்னாள். அதுவரை ஊர் அப்படியே இருந்துகொண்டது.

அப்படி இருந்துகொள்வதற்கு ஊர் சில ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தது. எட்வின் சாமியார் வெள்ளை அங்கியோடு வெள்ளைச் சுவருக்கு முன்னால் பூசை வைத்தபோது ஒரு தலையும் இரண்டு கைகளும் அப்பத்தைத் தூக்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் முன்னெப்போதும் இல்லாத பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்குத்தான் பயமாக இருந்ததால் பீடத்துக்குப் பின்னால் ஒரு நீலத் திரை கட்டப்பட்டது. உப்பளத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் உப்பு அம்பாரத்துக்கு முன்னால் நின்றால் வேலை செய்கிறார்களா உட்கார்ந்திருக்கிறார்களா என்று கண்காணிக்குத் தெரியவில்லை. அவர் எல்லாரும் தலையில் சிவப்புத் துண்டு கட்ட வேண்டும் என்றார், அவர்கள் கட்டிக்கொண்டார்கள், களைப்பு வந்தால் அவிழ்த்துக்கொண்டார்கள். நீலச் சட்டை போட்டு நீலப் படகில் சாய்ந்து பகல் முழுக்க உறங்கிய ஒருவனுக்கு அவன் பெண்டாட்டி கடைத்தெருவுக்குப் போய் ஆரஞ்சுச் சட்டை வாங்கி வந்தாள். சேலை எடுக்கப் போன பெண்கள் வீட்டுச் சுவரின் நிறத்தைக் கடைக்காரரிடம் சொல்லி, அதற்கு எதிரான நிறமாகப் பார்த்து எடுத்தார்கள். மிக்கேல், ரபேல் என்று அண்ணன் தம்பி இருவர், பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பெயின்டரை வைத்து ஒரே பச்சை அடித்தவர்கள். அந்த இரண்டு வீடும் ஒரே வீடாகத் தெரிந்ததில் ரபேல் பெண்டாட்டி தெரியாமல் மிக்கேல் வீட்டு அடுப்படிக்குள் போய், கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் உப்புப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு உப்பு விழுந்த அந்தக் குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அதைப் பற்றிச் சண்டை போடத்தான் இரண்டு பெண்களும் பேச ஆரம்பித்தார்கள், அதற்கு முன் பல வருஷம் பேச்சே இல்லை.

ரோஸ்லினும் ஷெரினும் சேர்ந்த கையோடு இருந்துகொண்டார்கள். காலையில் தலை பின்னும்போது ரோஸ்லினின் வலது கையும் ஷெரினின் இடது கையும் சேர்ந்து பின்னின. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கை போட்டுப் பின்னிய சடை அது என்று யாராலும் சொல்ல முடியாதபடி இறுக்கமாக வந்தது. மினிபஸ் கண்டக்டர் வெளியூர்க்காரர், சேர்ந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கை ஒண்ணா இருந்தாலும் சீட்டு ரெண்டுதானக்கா," என்று ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்தார். வகுப்பில் ரோஸ்லின் மூன்றாம் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். "ஷெரின் அம்மா, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது," என்றார் கணக்கு டீச்சர். "எனக்கே தெரியலயே டீச்சர்," என்றாள் ரோஸ்லின். உண்மைதான்.

சாப்பாடுதான் பிரச்சினையாக இருந்தது. ஷெரினின் சாப்பிடுகிற கை அம்மாவின் கைக்குள் இருந்தது. முதல் நாள் மத்தியானம் ரோஸ்லின் சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்; நான்கு வயதுக்குப் பிறகு அப்படி நீட்டியதில்லை. ஷெரின் வாங்கிக்கொண்டாள். மீனில் முள் எடுத்து, துவையலைத் தொட்டு, வாயைத் துடைத்துவிட்டு, ரோஸ்லின் அந்த நேரத்தை வேண்டுமென்றே நீட்டினாள் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அது நீண்டது. இரண்டாம் நாள் ஷெரின் ஒரு ஸ்பூனை இடது கையால் எடுத்துக்கொண்டு, "நானே சாப்பிடுதேன்," என்றாள். பாதிச் சோறு மடியில் விழுந்தது. அப்படியும் ஸ்பூனை விடவில்லை.

வியாழக்கிழமை பள்ளி மைதானத்தில் ஆட்டம் இருந்தது. ஷெரின் வராமல் இருக்க மாட்டேன் என்றதால் ரோஸ்லினும் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வலைக்கு முன்னால் மகளோடு நின்றாள். பி.டி. வாத்தியார் ஸ்டீபன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், அம்மாவோடு ஆடக் கூடாது என்று எங்கும் இல்லை. பந்து உயர்ந்தது. ஷெரின் குதித்தாள், சேர்ந்த கை மேலே போக வேண்டுமென்றால் ரோஸ்லினும் குதிக்க வேண்டும், அவள் ஒரு நொடி பிந்திக் குதித்தாள். பந்து இரண்டு பேர் தலைக்கும் நடுவில் விழுந்தது. மறுபடி உயர்ந்தது, மறுபடி விழுந்தது.

"ஷெரின் அம்மா, நெட்டத் தொடாதீங்க!"

"நான் எங்க சார் தொட்டேன், என்னைய இழுத்துட்டுல்லா போறா!"

மைதானம் சிரித்தது. ஷெரின் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும், இத்தனை நாள் அவளுக்கு மாற்றாக மட்டும் இறங்கிவந்த ஒரு பிள்ளையிடம் வாத்தியார் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று ஷெரினுக்கும் தெரிந்தது, ரோஸ்லினுக்கும் தெரிந்தது. இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

இதற்கிடையில் படம் முடிந்துகொண்டுதான் வந்தது. ரோஸ்லினுக்கு வரைகிற கை வலது கை, அதற்கு ஒரு தடையும் இல்லை. பின்னாலிருந்து முன்னால் வந்தாள்: வானம், கடல், படகு, பனை, கோயில், ஆட்கள். ஒவ்வொரு அடுக்கின்மேலும் இன்னொரு அடுக்கைக் கட்டி, நிழல் அந்த ஆளை விட்டு வெளியே சிந்தாதபடி வைத்தாள். அவ்வப்போது படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாள். நிறம் ஏமாற்றும், கறுப்பு வெள்ளை ஏமாற்றாது. இரண்டு பேர் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அங்கே இன்னும் ஓரம் இல்லை என்று அர்த்தம். சாமியாரின் அங்கிக்கு நீலமாக ஒரு நிழல் வைத்தாள், வெள்ளைக்கு நிழல் கறுப்பு அல்ல என்பதால். கோயிலில் அந்த நேரத்தில் பீடத்துக்கு முன்னால் நின்றிருந்த சாமியார் நீலத் திரையைக் கழற்றச் சொன்னார்.

யாருக்கு நிழல் விழுந்ததோ அவருக்கு ஓரம் திரும்பியது என்பது தெரிந்ததும் வாசலில் வரிசை நின்றது. பிரகாசி, தாடைக்குக் கீழே நிழலைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். "ரெண்டாவது நாடி ஒண்ணு இருக்குல்லா, அது நிழலுக்குள்ள போயிரணும்." சந்தியாகு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்தி, "வயித்துக்கு அங்கிட்டுப் போட வேண்டாம், இங்கிட்டுப் போடு," என்றார். மிக்கேலும் ரபேலும் சேர்ந்து வந்தார்கள். "எங்க வீட்டுச் செவருக்கு ஒண்ணும் அவசரம் இல்லக்கா," என்றார் மிக்கேல். "பொம்பளைங்க இப்பத்தான் பேசுறாங்க," என்றார் ரபேல். ரோஸ்லின் அந்தச் சுவருக்கு மிக மெல்லிய நிழல் வைத்தாள், வேண்டுமென்றால் தெரியும், வேண்டாமென்றால் தெரியாது என்கிற அளவில்.

சனிக்கிழமை காலை வந்தது. தூத்துக்குடி அச்சகத்துக்குப் படத்தை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். ரோஸ்லின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து நாற்காலியில் ஷெரின், நடுவில் ஒரு தலையணைமேல் சேர்ந்த கை. திரையில் மீன்கூடை பெரிதாக்கப்பட்டிருந்தது. ரோஸ்லின் ஒவ்வொரு மீனின் கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மீன் செத்துப் போச்சும்மா," என்றாள் ஷெரின்.

"கண்ணுல ஒரு மினுக்கு இருந்தா நல்லாருக்கும்."

"நாய்க்கு ஓரம் போட்டுட்ட. காக்காவுக்குப் போட்டுட்ட. அண்ணாச்சி செருப்பு வாருக்குக் கூடப் போட்டாச்சு. நமக்கு எப்பம்மா?"

"கடைசியாப் போடலாம்னு."

"இதுதான் கடைசி."

ரோஸ்லின் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க பிரிக்கணும்னு தெரியலட்டி. ஒரே நிறமா நிரப்பி வச்சிருக்கேன். மாத்தி வெட்டிட்டா ஒன் விரல் எனக்கு வந்துரும்."

"வந்தா வரட்டும். எல்லா விரலுமா வந்துரும்?"

"அந்தக் கையாலதான நீ அடிக்க."

"அடிக்கத்தான் முடியலயே இப்பம்."

தெருவில் ஐஸ் வண்டி போயிற்று. ரோஸ்லின் அது போகும்வரை காத்திருந்துவிட்டு, "போணுமா ஒனக்கு?" என்றாள்.

"போணும்."

"அங்க ஒனக்கு யாரையும் தெரியாது. பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு." ஷெரின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பயமா இருந்தாப் போவக் கூடாதா?"

ரோஸ்லின் திரையில் மீன்கூடையை விட்டு நகர்ந்து, முன்வரிசை ஓரத்துக்குப் போய், சேர்ந்த கையைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். பழுப்பாக ஒரு திட்டு. அவ்வளவுதான் இருந்தது.

"ஒன் விரல மட்டும் அசை," என்றாள்.

தலையணைமேல் கொத்துக்குள் ஏதோ அசைந்தது. அசைந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத் திரையில் புள்ளி வைத்தாள். "இப்ப சும்மா இரு, நான் அசைக்கேன்." வேறு இடங்கள் அசைந்தன, அங்கெல்லாம் வைக்காமல் விட்டாள். இப்படி மாற்றி மாற்றி அசைத்துக் கொத்து முழுவதும் பங்காயிற்று, நடுவில் ஒரு விரலைத் தவிர. அது ஷெரின் நினைத்தபோதும் அசைந்தது, ரோஸ்லின் நினைத்தபோதும் அசைந்தது.

"இது யாரு?" என்றாள் ஷெரின்.

"ஒனக்கு வச்சுக்கோ," என்றாள் ரோஸ்லின்.

புள்ளிகளைச் சேர்த்து வளைத்து, ஷெரினின் கையை வெட்டித் தனி அடுக்கில் வைத்தாள். ஆனால் வெட்டியது மட்டும் போதாது. இரண்டும் ஒரே பழுப்பு, திரையிலும் ஒன்றாகவே தெரிந்தன, தலையணைமேலும் ஒன்றாகவே இருந்தன. படத்தில் சூரியன் கடல்மேல் இருந்தது, ஷெரின் நின்றது கடல் பக்கம். அதனால் ஷெரினின் கைக்கு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். அந்தக் கை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப்போய், அவளுடைய முகத்துக்குச் சம்பந்தமில்லாத கையாக நின்றது. ஏற்கெனவே வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு அதற்குமேல் வெளிச்சம் கொடுக்க முடியாது. கூட்டியதைக் குறைத்தாள். கொஞ்ச நேரம் பேனாவைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கையின் அடுக்குக்குப் போய், அதன்மேல் நிழல் வைத்தாள்.

கொஞ்சமாகத்தான் வைத்தாள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாள். இரண்டும் ஒரே சாம்பல். இன்னும் கொஞ்சம் வைத்தாள், ஒரே சாம்பல். கொஞ்சமாக இருட்டினால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், ஆனால் கொஞ்சத்துக்கு அது பிரிவதாக இல்லை. வேறு யாருக்கும் அந்தப் படத்தில் வைக்காத அளவுக்கு, ஈர மணலின் நிறம் வரும்வரை தன் கையை இருட்டினாள். அப்போது ஷெரினின் விரல்கள் ஒவ்வொன்றாக, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருவது போல, வெளியே வந்தன.

ஷெரின் கையை உதறினாள். மரத்துப்போன கையை உதறுவது போல இரண்டு உதறு உதறி, விரல்களை விரித்து, மூடி, எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. ரோஸ்லினும் எண்ணிப் பார்த்தாள், அவளுக்கும் குறைவில்லை. நடுவில் இருந்த அந்த ஒரு விரல் எப்படி இரண்டு பேருக்கும் வந்தது என்று இருவரும் கேட்கவில்லை. "பசிக்கும்மா," என்று சொல்லிவிட்டு ஷெரின் அடுப்படிக்குப் போய், தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, வலது கையால் பிசைந்து சாப்பிட்டாள். ரோஸ்லின் படத்தை அச்சகத்துக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படம் ஏறியது. ஊர் முழுக்க வந்து தன்னைத் தேடிக் கண்டுபிடித்தது. சந்தியாகுவின் மூக்கு எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தது, வயிறு எங்கும் இல்லை. அவர் அதற்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களை எல்லாம் வரவேற்றார். பிரகாசி முன்வரிசை ஓரத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்குட்டி, ஒன் கை மட்டும் ஏன் இவ்வளவு இருட்டா வச்சிருக்க? தப்பு மாதிரி இருக்கு," என்றாள்.

"ஷெரின் நிழல் மைனி அது," என்றாள் ரோஸ்லின்.

திங்கட்கிழமை ஷெரின் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி ஆட்டினாள், பஸ் திரும்பும்வரை. ரோஸ்லின் எந்தக் கையை ஆட்டுவது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, இடது கையை ஆட்டினாள்.

அந்தக் கையில் நிழல் அப்படியே நின்றுவிட்டது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, வெயிலில் நின்றாலும் டியூப்லைட்டுக்குக் கீழே நின்றாலும், அது மட்டும் நிழலில் இருந்தது. தூத்துக்குடி தோல் டாக்டர் ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார், அது அரிப்புக்கு நல்லது என்று பிரகாசி வாங்கிக்கொண்டாள். வீடியோ காலில் ஜெரால்டு, "வாட்ச் கட்டுன தடமா?" என்று கேட்டார், இல்லை என்றதும் வேறு பேச்சுக்குப் போனார். ஷெரின் வாரம் ஒரு முறை கூப்பிட்டாள். தோற்ற கதையை நீளமாகவும் ஜெயித்த கதையைச் சுருக்கமாகவும் சொன்னாள்.

ஊர் இதையும் சேர்த்துக்கொண்டது. உச்சி வெயிலில் ரோஸ்லின் மீன் வாங்கப் பையோடு கடற்கரைக்கு வருவாள், மணலில் அவளோடு கூட யாரும் நடந்து வந்திருக்க மாட்டார்கள். பிரகாசி தான் விற்கும் மீன்கூடைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து, அந்தக் கையைப் பார்த்து, பிறகு கையை விட்டு, அதற்குக் கடல் பக்கமாக இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக் கையை ஆட்டிச் சொல்வாள்: "ஏட்டி ஷெரினு, கொஞ்சம் தள்ளி நில்லு. ஒங்கம்மாவுக்கு வெயில் படட்டும்."

"நிக்கட்டும் மைனி," என்பாள் ரோஸ்லின், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே.